மீட்டரக்காவின் நடை

எங்கள் அலுவலகத்தில் நடப்பதற்காகவே சம்பளம் வாங்கியவர் ஒரே ஒருவர்தான். அதுவும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடந்தார். ஆயிரக்கணக்கானோர் அவரவர் வீட்டிலிருந்து நுழைந்து சேர்ந்து விளையாடும் ஒரு கற்பனை உலகத்தை நாங்கள் கட்டிக்கொண்டிருந்தோம். அந்த உலகத்தில் தரை எங்கே ஓட்டையாக இருக்கிறது, எந்தச் சுவருக்குள் கால் புகுந்துவிடுகிறது, எந்தப் படிக்கட்டு அந்தரத்தில் போய் நிற்கிறது என்று, திரையில் ஓர் உருவத்தை நடத்தி நடத்திக் கண்டுபிடித்து எழுதித் தருவது அவர் வேலை.

அதற்கு முன் பதினான்கு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். மீட்டர்கள் தாமாகவே அளவை அனுப்பத் தொடங்கியதும் அந்த வேலை போயிற்று. எங்கள் நேர்காணலில், கம்ப்யூட்டரில் ஏதாவது விளையாடியிருக்கிறீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்றாராம். ஆனால் ஒரு தெருவில் ஒரு தடவை நடந்தால், எந்த வீட்டுப் படி உடைந்திருக்கிறது என்று அடுத்த வருடம் கேட்டாலும் சொல்வேன் என்றாராம். அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள். எங்கள் எல்லோரையும்விட மூத்தவர், வந்த வழியை மறைக்காதவர். அதனால் மீட்டரக்கா.

எனக்கு அடுத்த மேசை அவருடையது. நான் அந்த உலகத்தில் நடமாடும் ஆட்களுக்கு அசைவு எழுதும் புரோகிராமர்.

அவர் சேர்ந்தபோது எங்கள் உலகம் சின்னது. மேற்கு வாசலில் கிளம்பினால் பன்னிரண்டு நிமிடத்தில் கிழக்கு வாசல். நடுவில் ஒரு சந்தை. சாயங்காலமானால் அங்கே எள் விழ இடமிருக்காது. வாள் விற்பவன் ஒரு பக்கம் கத்துவான், குதிரை வாங்க வந்தவன் இன்னொரு பக்கம் பேரம் பேசுவான், சண்டை போடுகிற கூட்டம் ஒன்று, சண்டையை வேடிக்கை பார்க்கிற கூட்டம் இரண்டு. அக்கா அந்த நெரிசலில் ஓட்டை தேட முடியாமல் திணறுவார். "தரையே தெரியலையே, எப்படிம்மா பாக்குறது?" என்பார்.

பிறகு போட்டிக் கம்பெனி ஒன்று எங்களைவிடப் பெரிய மேப் போட்டது. எங்கள் மேனேஜருக்குத் தூக்கம் போயிற்று. மேப்பை ஐந்து மடங்காக்கினார்கள். அடுத்த வருடம் அதையும் பெருக்கினார்கள். கடைசியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கப் பதினோரு மணி நேரம் ஆயிற்று. நூற்றுப்பத்து ஊர், மூன்று மலைத்தொடர், கிழக்கே கண்ணுக்கெட்டிய வரை ஓர் உப்புப் பாலைவனம். விளம்பரத்தில் அதையே பெரிய எழுத்தில் போட்டார்கள்.

ஆனால் விளையாட வந்தவர்கள் பழைய ஆட்கள்தான். ஒரு பிடி உப்பைக் குடத்தில் போட்டால் கரிக்கும், குளத்தில் போட்டால்? சந்தை வெறிச்சோடியது. பக்கத்து ஊருக்கு இருபது நிமிடம் நடந்தேன், ஒரு ஜீவனைக்கூடப் பார்க்கவில்லை என்று கடிதங்கள் வரத் தொடங்கின. ஒருவர், இந்த உலகத்தில் ஏதோ கொள்ளைநோய் வந்துபோன மாதிரி இருக்கிறது, என் மனைவி திரையைப் பார்த்துவிட்டு அணைக்கச் சொல்கிறாள் என்று எழுதியிருந்தார்.

அக்காதான் அந்த வெறுமையை முழுசாகப் பார்த்தவர். ஒரு வாரம் முழுக்க வடக்கு மலையடிவாரத்தில் நடந்தும் ஓர் ஆளையும் சந்திக்கவில்லை என்று சொன்னார். வீடுகளெல்லாம் வெறும் ஓடு. கதவு வரைந்திருக்கும், திறக்காது. சன்னல் வெளிச்சம்கூட வரைந்ததுதான். "பூட்டின வீடா நெறயப் பாத்திருக்கேன். உள்ளயே இல்லாத வீட்டை இங்கதான் பாக்குறேன்" என்றார்.

மேப்பைச் சுருக்கலாம் என்று நாலு பேர் சொன்னோம். மேனேஜர் கேட்கவில்லை. மேப் அப்படியே இருக்கட்டும், ஆட்களை நிரப்புங்கள் என்றார். அந்த வேலை என் தலையில் விழுந்தது. மனிதர் ஆட்டாமலே தானாக நடமாடும் உருவங்களை, நாங்கள் டம்மி என்று சொல்வோம், நாலாயிரம் உருவாக்க வேண்டும். நான் எழுதிய நடையில் அவை பொம்மை மாதிரி நேர்கோட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றன. பார்க்கச் சகிக்கவில்லை.

அப்போதுதான் அக்காவின் திரை என் கண்ணில் பட்டது. அவர் நடத்துகிற உருவம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சட்டென்று நின்றது. அரை அடி பின்வாங்கியது. இடது பக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்தது. பிறகுதான் வாசற்படியில் கால் வைத்தது. எதற்கு என்று கேட்டேன். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருக்கிறது, வாய்விட்டுச் சிரித்தார். மீட்டர் பார்க்கப் போன காலத்துப் பழக்கம். கேட்டுக்கு உள்ளே நாய் இருக்கிறதா என்று பார்க்காமல் காலெடுத்து வைத்ததில்லையாம். இரண்டு தடவை கடி வாங்கியவர். எங்கள் உலகத்திலோ ஓநாய் உண்டு, பறக்கும் பாம்பு உண்டு, நாய் மட்டும் கிடையாது.

அந்த நடையில் ஓர் உயிர் இருந்தது. அக்காவின் அனுமதியோடு அவர் கணினியில் ஒரு பதிவு நிரலைப் போட்டேன். காலையில் ஓட ஆரம்பித்தால் சாயங்காலம்வரை அவர் விரல் சொல்வதையெல்லாம் பதிந்துகொள்ளும். நானோ அவரோ தனியாக எதையும் செய்ய வேண்டாம். பத்து மாதம் பதிவு செய்தோம். அவற்றை மாதாமாதம் துண்டு துண்டாக வெட்டி, குலுக்கல் முறையில் டம்மிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது என் நிரல். எந்தத் துண்டு எந்த ஊருக்குப் போயிற்று என்று நான் பார்க்கவில்லை.

ஊர்களில் நடமாட்டம் வந்தது. நாயில்லாத உலகத்தில் நாலாயிரம் பேர் நாய்க்குப் பயந்து எட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். கிழவன், வீரன், துணி மூட்டை சுமந்த பெண், எல்லோருக்கும் ஒரே நடை. ஆரம்பத்தில் அக்காவுக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு டம்மி கூட்டம் அதிகமான ஊர்களைச் சோதிக்கும்போது மட்டும் அவர் வேகமாக நடப்பதைக் கவனித்தேன். கேட்டதற்கு, எதிரே வருகிறவள் நானாகவே இருந்தால் வழிவிடுவதா வேண்டாமா என்று புரியவில்லை என்றார்.

பதிவெல்லாம் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருக்கும். உப்புப் பாலைவனத்து ஊர் ஒன்றில் டம்மி பழுது என்று ஒரு புகார் வந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து அக்கா அங்கே போனார். அந்த வேலைக்கு ஐந்து நிமிடம் போதும். அரை மணி நேரமாகியும் அவர் அதை முடித்து எழுதவில்லை. திரும்பிப் பார்த்தேன். கை விசைகளின் மேல் இருந்தது.

"இங்க வா" என்றார். "இதை யார் செஞ்சது?"

திரையில் ஒரு வெள்ளைத் தெரு. மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு டம்மி, தோளில் மூட்டையோடு ஓர் ஆண் உருவம், கதவைப் பார்த்து நின்றது. எட்டிப் பார்க்கவில்லை. கதவை நோக்கி ஒரு கை எழுந்தது. தட்டாமல் இறங்கியது. திரும்பி நாலு எட்டு தெருப்பக்கம் நடந்தது. நின்றது. மறுபடி கதவுக்கு வந்தது. கை எழுந்தது. இறங்கியது. நாற்பது நிமிடம் இதையே செய்தது. பிறகு முதலிலிருந்து.

உங்கள் பதிவில் ஒரு துண்டாகத்தான் இருக்கும் என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். தான் இப்படி ஒருநாளும் நடத்தியதில்லை என்றார். யாரோ எங்கேயோ பார்த்து வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள் என்றார். அந்தக் குரலில் கோபம்கூட இருந்தது.

கோப்பைத் தேடி எடுத்தேன். அவர் கணினி, அவர் பதிவு. தேதியையும் நேரத்தையும் படித்துச் சொன்னேன். மூன்று மணி பத்து நிமிடத்திலிருந்து மூன்று ஐம்பது வரை.

அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "அன்னைக்குத்தான் எங்கண்ணன் போனதா போன் வந்துச்சு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐந்து வருடப் பழக்கத்தில் அவருக்கு அண்ணன் ஒருவர் உண்டு என்றே எங்களுக்குத் தெரியாது. கூடப் பிறந்தவர் யாரும் இல்லை என்றுதான் சொல்லிவந்தார். அந்த நாளும் எனக்கு லேசாக நினைவுக்கு வந்தது. போன் ஒன்று வந்தது, பேசினார், வைத்தார். அழவில்லை, எழுந்திருக்கவில்லை. மாலைவரை வேலை பார்ப்பது போலவே உட்கார்ந்திருந்துவிட்டு வழக்கமான வண்டியில் வீட்டுக்குப் போனார். அடுத்த நாளும் வந்தார்.

மீதியை அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் சொன்னார். அவர்களுடைய அம்மாவுக்கு ஞாபகம் தப்பிப்போயிருந்தது. அண்ணன் அம்மாவை அழைத்துவந்து, பத்து நாள் பார்த்துக்கொள் என்று விட்டுப் போனவர், பத்து மாதம் எட்டிப் பார்க்கவில்லை. அம்மா வாசலுக்கும் அறைக்கும் நடந்து நடந்து மகன் பேரைச் சொல்லியே போய்ச் சேர்ந்தார். எல்லாம் முடிந்த மறுநாள் அண்ணன் வந்தார். அக்கா உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, சன்னல் திரை இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கதவைத் தட்டக் கை தூக்குவார். இறக்கிவிடுவார். கேட் வரை நாலு எட்டு நடப்பார். திரும்பி வருவார். வேலையிலிருந்து திரும்பிய அக்காவின் கணவர்தான் கடைசியில் கையைப் பிடித்துப் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப்போனாராம்.

"தோளை ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டு திரும்புவார். அந்தத் திரும்பல்கூட அவரோடதுதான்" என்றார் அக்கா. "என் கை எப்பம்மா அதைச் செஞ்சுச்சு? எனக்குத் தெரியலையே."

அதை நீக்கிவிடட்டுமா என்று கேட்டேன். வண்டிக்கு நேரமாச்சு என்று படியிறங்கிவிட்டார்.

இதற்குள் அந்த வாசலை ஆட்டக்காரர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். ஒருவர் இருவராக வந்து நின்று பார்த்தார்கள். புதையல் என்றார் ஒருவர், சாபம் என்றார் இன்னொருவர். பாலைவனத்தை மூன்று மணி நேரம் நடந்து கடந்து வந்தார்கள். சில நாளில் முந்நூறு பேர். யாரும் சண்டை போடவில்லை, எதையும் விற்கவில்லை. சும்மா நின்று அந்தக் கை எழுந்து இறங்குவதைப் பார்த்தார்கள். பதினோரு மணி நேர உலகத்தில் கூட்டம் என்று இருந்தது அந்த ஒரு வாசலில்தான்.

எந்த ஊரில் எத்தனை பேர் என்று காட்டும் கணக்குப் பலகையில் மேனேஜருக்கு அந்தப் புள்ளி சிவப்பாக எரிவது தெரிந்தது. ஊருக்கு ஒன்று வையுங்கள் என்று கூட்டத்தில் சொன்னார். அக்கா எழுந்து, "அது எங்கண்ணன் சார்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. நடந்ததைப் பத்து வரியில் சொன்னார். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, அது மட்டும் அங்கேயே இருக்கட்டும், வேறெங்கும் வேண்டாம் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்.

அந்த வார இறுதியில் அக்கா தன் அண்ணி வீட்டுக்குப் போனார். சாவுக்குப் போகாதவர், பதினொரு மாதம் கழித்துப் போனார். கணவர்தான் கூட்டிப்போனார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், பேச்சுக் குறைவு. வழியில், நான் உன்னிடம் ஒன்று மறைத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னாராம். என்ன என்று கேட்டதற்கு, அண்ணி சொல்வார் என்றாராம்.

அண்ணி திட்டவில்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மூலையில் துணி போர்த்தியிருந்த கணினியைக் காட்டினார். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அக்காவின் கணவரிடம் கேட்டுத் தங்கை எங்கே வேலை பார்க்கிறாள் என்று தெரிந்துகொண்டிருக்கிறார். கடைசி எட்டு மாதமும் வேலை விட்டு வந்ததும் எங்கள் விளையாட்டுக்குள் நுழைந்து நடந்திருக்கிறார். சண்டை போடத் தெரியாது, ஒரு வாள்கூட வாங்கவில்லை. ஊர் ஊராகத் தங்கையைத் தேடினார்.

"கண்டுபிடிச்சுட்டேன்னு ஒரு நாள் வந்து சொன்னாரு" என்றார் அண்ணி. "மூஞ்சிய மாத்திக்கிட்டா, ஆனா நடை அவளோடதுதான், வாசல்ல நின்னு நாய் பாக்குறா பாருன்னு என்னையும் கூப்பிட்டுக் காட்டினாரு. பேசிப் பாத்தாரு. நீ நிக்காமப் போயிட்ட. இன்னும் கோபம் தீரல அவளுக்குன்னு சொல்லிட்டு, மறுநாளும் போய் உக்காந்தாரு."

அக்கா அதைத் திருத்தவில்லை. அது நானில்லை அண்ணி, டம்மி என்று சொன்னால் அண்ணன் அத்தனை நாளும் யாரிடம் பேசினார் என்றாகும்? கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

திங்கட்கிழமை காலை என் மேசைக்கு வந்து நின்றார். வசவு பேசுகிறவர்களைப் பிடிப்பதற்காக ஆட்டக்காரர்கள் தட்டச்சு செய்வதையெல்லாம் நாங்கள் இரண்டு வருடம் சேமித்து வைப்போம். அண்ணன் ஆட்டத்தில் வைத்துக்கொண்டதாக அண்ணி சொன்ன லிஃப்ட்காரன் என்ற பெயரில் தேடச் சொன்னார். தேடினேன். நானூற்றுப் பதினேழு வரிகள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

"நான்தான்."

"நீ பேச வேணாம். கொஞ்சம் நின்னா போதும்."

"இன்னுமா நாய்க்குப் பயம்?"

"அம்மா என்னைப் பாத்து யாருப்பா நீன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் என்னால வர முடியல. அதைத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன்."

கடைசி வரி, அவர் சாவதற்கு ஆறு நாள் முன்பு. "போன் எடுக்கல. அதான் இங்க வந்தேன்."

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பேசிய இடம் எண்ணாகப் பதிந்திருக்கும். கடைசி வரியின் எண்ணை நான் மனதுக்குள் ஊராக மாற்றிப் பார்ப்பதற்குள் அக்கா பார்த்துவிட்டார், அந்த மேப்பை அங்குலம் அங்குலமாக நடந்தவர். உப்புப் பாலைவனம். அதே ஊர், மூன்றாவது வீடு.

நூற்றுப்பத்து ஊரில் அந்தத் துண்டைக் குலுக்கிப் போட்டது என் நிரல். எப்படி அங்கே விழுந்தது என்று விளக்க வாயெடுத்தேன். "வேணாம்மா" என்றார். "அதுக்கு நீ பதில் தேடாத."

பிறகு இரண்டு காரியம் கேட்டார். ஒன்று, அந்த மூன்றாவது வீட்டுக்கு உள்ளே ஓர் அறை வேண்டும், கதவு திறக்க வேண்டும். வீடு வரைகிறவர் ஒரே நாளில் செய்துகொடுத்தார். இரண்டாவது, யாராவது பேசினால் டம்மிகள் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். பதில் வேண்டாம், பார்த்தால் போதும். அந்தத் திரும்பலை அக்காவே பதிவு செய்தார். முதலில் செய்தது யாரோ அடிக்க வருகிற மாதிரி இருந்தது. அடுத்தது கடைக்காரரைப் பார்க்கிற மாதிரி. முப்பது நாற்பது தடவை ஆகியிருக்கும். கடைசியில் ஒன்று சரியாக வந்தது. முதலில் நடை தயங்கும், பிறகு உடம்பு மெல்லத் திரும்பும், பிறகு அப்படியே நிற்கும். போதும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டார்.

நாலாயிரம் பேரும் திரும்பிப் பார்க்கத் தொடங்கிய பிறகு உலகம் கொஞ்சம் நிமிர்ந்தது. ஆட்டக்காரர்கள் டம்மிகளிடம் நின்று பேசினார்கள். காதல் தோல்வியும் பரீட்சைப் பயமும் சொன்னார்கள். வெறுமை பற்றிய கடிதங்கள் குறைந்தன. உப்பு ஊரின் அந்தக் கதவு இப்போது திறந்தே கிடக்கிறது. வருகிறவர்கள் உள்ளே போய் உட்கார்கிறார்கள். மூட்டைக்காரன் மட்டும் வாசலோடு சரி. பதிவில் உள்ளதைத்தானே செய்வான்? திறந்த கதவின் முன் கை எழுகிறது, இறங்குகிறது.

அக்கா இன்னமும் அடுத்த மேசையில்தான் இருக்கிறார். மாதம் ஒருமுறை அண்ணி வீட்டுக்குப் போய் வருகிறார். மேப்பில் நடக்கிறார், ஓட்டை தேடுகிறார். டம்மிகளிடம் மட்டும் ஒரு வார்த்தையும் தட்டச்சு செய்வதில்லை.

போன மாதம் ஒரு புகார் வந்தது. பாலைவனப் பக்கத்து ஊர்களில் டம்மிகள், யாரும் பேசாதபோதே நின்று திரும்பிப் பார்க்கின்றனவாம். சில சமயம் தெருவில் உள்ள எல்லாமே ஒரே திசையில். நிரலை வரி வரியாகப் பார்த்தேன், பிழை கிடைக்கவில்லை. அந்த நேரங்களில் அங்கே பேச்சு எதுவும் பதிவாகவும் இல்லை. அக்காவிடம் சொன்னேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் எந்தெந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"பழுதுன்னு எழுதாத. அப்படியே விட்டுரு" என்றார்.

விட்டுவிட்டேன்.